தரைக்கு அடியில் ஓடும் குளிர்நீர்: சிங்கப்பூரில் நீர்க்குழாய்த் தரையும் வெப்பநிலைக் கட்டுப்பாடும்

கடுங்குளிர் நிலவும் நாடுகளில், தரைக்கு அடியில் மெல்லிய குழாய்களை நெருக்கமாகப் பதித்து, அவற்றின் வழியே வெதுவெதுப்பான நீரைச் சுழலவிட்டு, தரையையே வெப்பம் தரும் பரப்பாக மாற்றும் முறை பரவலாகப் புழக்கத்தில் உள்ளது. பண்டைய உரோமானியரின் குளியல் மண்டபங்களிலும் கொரிய மக்களின் ஒண்டோல் தரைகளிலும் நெருப்பின் சூடான புகை தரைக்கு அடியே செலுத்தப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் அந்தப் புகையின் இடத்தை நீர் பிடித்தது. நிலநடுக்கோட்டுக்குச் சற்றே வடக்கில், ஆண்டு முழுவதும் வெக்கையும் ஈரமும் குறையாத சிங்கப்பூரில் எந்த வீட்டையும் சூடாக்க வேண்டிய தேவை இல்லை. ஆயினும் அதே குழாய்கள், அதே வகைத் தரையில், குளிர்ந்த நீரை ஏந்திக்கொண்டு அந்த நகரிலும் ஓடுகின்றன. மரினா விரிகுடாவை ஒட்டி 2012 ஜூன் 29 அன்று மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட கரையோரப் பூந்தோட்டங்களின் கண்ணாடி மாடங்களில், கான்கிரீட் தரைக்குள் பதிக்கப்பட்ட குளிர்நீர்க் குழாய்களே உள்ளிருக்கும் வெப்பத்தின் ஒரு பகுதியை வெளியே எடுத்துச் செல்கின்றன.

குளிர்நாட்டில் தரையைச் சூடாக்குவதற்கும் வெப்பநாட்டில் தரையைக் குளிர்விப்பதற்கும் பொறியியல் அடிப்படை ஒன்றுதான் என்றாலும், குழாயில் ஓடும் நீர் எந்த வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் காரணி இரண்டிலும் வேறுபடுகிறது. குளிர்நாட்டில் அதைத் தீர்மானிப்பது மனிதருக்கு வேண்டிய வெதுவெதுப்பு. சிங்கப்பூரில் அதைத் தீர்மானிப்பது காற்றில் கலந்திருக்கும் நீராவி. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், வெப்பமண்டல நகரம் ஒன்று குறைந்த மின்சாரத்தில் குளிர்ச்சி பெறுவதற்கான வழியும் புலப்படும்.

நீரும் தரையும் தேர்ந்தெடுக்கப்படுவதன் காரணம்

வெப்பத்தை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டுசெல்ல நீர் மிகச் சிறந்த ஊர்தி. ஒரு கன மீட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4,180 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். அதே கன அளவுள்ள காற்றுக்கு 1.2 கிலோஜூல் போதும். அதாவது, கன அளவை வைத்துப் பார்த்தால், காற்றைக் காட்டிலும் நீர் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கிறது. கூரைக்கு அடியில் ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய தகரக் குழல் வழியே காற்றாகச் செலுத்த வேண்டிய குளிர்ச்சியை, கைக்குள் அடங்கும் குழாய் வழியே நீராகச் செலுத்தி விடலாம் என்பதும், மின்விசிறியைவிட நீரிறைப்பி மிகக் குறைந்த மின்சாரத்தில் அந்த வேலையை முடிக்கும் என்பதும் இதன் நேரடி விளைவுகள்.

தரையைத் தேர்ந்தெடுப்பதற்கு மனித உடலே காரணம். ஓர் அறையில் அமர்ந்திருப்பவர் தம் உடல் வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றுக்கு மட்டும் இழப்பதில்லை. தோலும் ஆடையும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களாகத் தொடர்ந்து வெப்பத்தை வெளியிட, சுவரும் தரையும் கூரையும் அதைப் பெற்றுக்கொண்டு தம் பங்குக்கு வெப்பத்தைத் திருப்பி அனுப்புகின்றன. சுற்றியுள்ள பரப்புகள் எல்லாவற்றையும் உடலின் பார்வையில் எடைபோட்டுக் கணக்கிடும் சராசரியைச் சராசரிக் கதிர்வீச்சு வெப்பநிலை என்று அறிவியலார் குறிப்பிடுகின்றனர். காற்றோட்டம் மிகக் குறைவாக உள்ள அறையில் மனிதர் உணரும் வெப்பநிலை, காற்றின் வெப்பநிலைக்கும் இந்தக் கதிர்வீச்சு வெப்பநிலைக்கும் நடுவில் அமைகிறது. ஆகவே பரப்புகளைக் குளிர்வித்தால், காற்றை அவ்வளவு குளிர்விக்காமலேயே உடலுக்கு இதம் கிடைக்கும்.

சூடான தரையும் குளிர்ந்த தரையும் அறையோடு வெப்பத்தைப் பரிமாறும் திறனில் சமமானவை அல்ல. சூடான தரைமீது உள்ள காற்று இலேசாகி மேலெழ, அதன் இடத்துக்குக் குளிர்ந்த காற்று வந்துகொண்டே இருப்பதால், தரைக்கும் அறைக்கும் இடையே உள்ள ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 11 வாட் வெப்பம் பாய்கிறது. குளிர்ந்த தரைமீதோ கனத்த குளிர்காற்று அசையாமல் படிந்துவிடுகிறது. வெப்பச்சலனம் ஏறத்தாழ நின்றுபோய், கதிர்வீச்சு மட்டுமே முக்கிய வழியாக எஞ்சுகிறது. எனவே ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 7 வாட் மட்டுமே கிடைக்கிறது. அறை 20 டிகிரியில் இருக்க, தரையை 29 டிகிரி வரை சூடாக்கினால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 வாட் வெப்பம் அறைக்குச் சேரும். அறை 24 டிகிரியிலும் தரை 20 டிகிரியிலும் இருந்தால் 28 வாட் வெப்பத்தையே தரை அகற்றும். ஆனால் வெயில் நேரடியாகத் தரையில் விழும் இடத்தில் நிலைமை மாறுகிறது. சூரிய ஒளியின் ஆற்றலைத் தரையே விழுங்கி, அது காற்றைச் சூடாக்கும் முன்பாகவே கீழிருக்கும் நீரிடம் ஒப்படைத்துவிடுவதால், அத்தகைய தரை சதுர மீட்டருக்கு 80 முதல் 100 வாட் வரைகூட அகற்றவல்லது. கண்ணாடிக் கூரையும் உயர்ந்த மாடமும் கொண்ட கட்டடங்களில் குளிர்தரை விரும்பப்படுவதற்கு இதுவே காரணம். 2006ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்தின் கண்ணாடிக் கூடங்களிலும் இந்த முறை கையாளப்பட்டுள்ளது.

குழாயின் கணக்கு

தரைக்குள் பதிக்கப்படும் குழாய் பெரும்பாலும் பெக்ஸ் எனப்படும் குறுக்குப்பிணைப்புப் பாலிஎத்திலீனால் ஆனது. சாதாரணப் பாலிஎத்திலீனின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று வேதிப் பிணைப்பால் கட்டிவிடும்போது, அது வெந்நீரையும் அழுத்தத்தையும் பல பத்தாண்டுகள் தாங்கும் உறுதியைப் பெறுகிறது. எனினும் இந்தப் பிளாஸ்டிக்கின் சுவர் வழியே காற்றிலுள்ள ஆக்சிஜன் மெல்ல மெல்ல ஊடுருவி நீரில் கரைந்து, அமைப்பிலுள்ள இரும்புப் பாகங்களைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால், ஆக்சிஜனைத் தடுக்கும் மெல்லிய படலம் ஒன்று குழாயின் மீது சேர்க்கப்படுகிறது. கான்கிரீட்டுக்குள் மூட்டு எதுவும் வராதபடி ஒவ்வொரு சுற்றும் ஒரே நீளக் குழாயாகப் பதிக்கப்படுவதும், கான்கிரீட் ஊற்றும் முன் அழுத்தச் சோதனை செய்து, ஊற்றும்போதும் அந்த அழுத்தத்தை நிலைநிறுத்தி அளவுமானியைக் கண்காணிப்பதும் இந்தத் தொழிலின் அடிப்படை ஒழுக்கங்கள். புதைந்த பின் கசிவு வந்தால் தரையை உடைப்பதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை.

குழாய்களுக்கு இடையே விடப்படும் இடைவெளி பொதுவாக 100 முதல் 300 மில்லிமீட்டருக்குள் அமையும். வெப்பநாட்டில் நீருக்கும் அறைக்கும் இடையே உள்ள வெப்பநிலை வேறுபாடு சிறியது என்பதால் இடைவெளியும் குறுகலாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 150 மில்லிமீட்டர் இடைவெளியில் 12 சதுர மீட்டர் பரப்புக்கு 80 மீட்டர் நீளக் குழாய் வேண்டும். அந்தப் பரப்பிலிருந்து சதுர மீட்டருக்கு 40 வாட் வீதம் மொத்தம் 480 வாட் வெப்பத்தை அகற்றவும், உள்ளே நுழையும் நீர் வெளியேறும்போது 3 டிகிரி மட்டுமே சூடாகி இருக்கவும் வேண்டுமென்றால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.3 லிட்டர் நீர் ஓட வேண்டும். வெளிவிட்டம் 16 மில்லிமீட்டரும் உள்விட்டம் 12 மில்லிமீட்டரும் கொண்ட குழாயில் அந்த நீர் நொடிக்கு மூன்றில் ஒரு மீட்டர் வேகத்தில் நகரும். இந்த விட்டமுள்ள குழாயின் நீளம் 100 மீட்டரைத் தாண்டினால் உராய்வினால் ஏற்படும் அழுத்த இழப்பு மிகுந்து, நீரிறைப்பியின் மின்செலவும் கூடிவிடுவதால், பெரிய தரைகள் பல சுற்றுகளாகப் பிரிக்கப்படுகின்றன.

அந்தச் சுற்றுகள் எல்லாம் மேனிஃபோல்ட் எனப்படும் பகிர்வுத் தொகுதியில் வந்து கூடுகின்றன. ஒரு தடித்த குழாய் குளிர்ந்த நீரைப் பல கிளைகளுக்குப் பகிர்ந்தளிக்க, இணையாக நிற்கும் மற்றொரு குழாய் திரும்பி வரும் நீரைச் சேகரிக்கிறது. நீர் எப்போதும் எளிய வழியையே நாடும் என்பதால், கட்டுப்பாடு இல்லாவிட்டால் குட்டைச் சுற்றுகள் தேவைக்கு மிஞ்சிப் பெறவும், நீண்ட சுற்றுகள் வறண்டுபோகவும் நேரும். ஆகவே ஒவ்வொரு கிளையிலும் சமன்செய்யும் வால்வு ஒன்று அமைத்து, ஓட்ட அளவுமானியைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் உரிய பங்கு ஒதுக்கப்படுகிறது. குழாயைப் பதிக்கும் வடிவமும் முக்கியமானது. வரிசை வரிசையாக மடித்துப் பதித்தால் தரையின் ஒரு கோடி குளிர்ந்தும் மறுகோடி சூடாகவும் அமையும். சுருள் வடிவில் உள்நோக்கிச் சென்று, அதே வழியே வெளிநோக்கித் திரும்பும்படி பதித்தால், வரும் குழாயும் போகும் குழாயும் அடுத்தடுத்து அமைந்து, தரை முழுவதும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலை நிலவும். குழாய்களுக்குக் கீழே வெப்பக்காப்புப் பலகை வைக்கப்படாவிட்டால், குளிர்ச்சியில் ஒரு பங்கு பயனின்றி மண்ணுக்கோ கீழ்த்தளத்துக்கோ போய்ச் சேரும்.

கலந்து பெறும் வெப்பநிலை

கொதிகலனிலிருந்து வரும் நீர் 60 டிகிரி அளவுக்குச் சூடாக இருக்கலாம். குளிர்விக்கும் பொறியிலிருந்து வரும் நீர் 7 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்கலாம். இரண்டையும் அப்படியே தரைக்குள் அனுப்ப முடியாது. தரைக்கு ஏற்ற வெப்பநிலையைப் பெறுவதற்கு மூவழிக் கலப்பு வால்வு பயன்படுகிறது. அது மூலத்திலிருந்து வரும் நீரையும் தரையிலிருந்து திரும்பி வரும் நீரையும் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்து மீண்டும் தரைக்கே அனுப்புகிறது. மூலநீர் 7 டிகிரியிலும் திரும்பும் நீர் 19 டிகிரியிலும் இருக்க, தரைக்கு 16 டிகிரி நீர் வேண்டுமென்றால், கலவையில் கால் பங்கு மூலநீரும் முக்கால் பங்கு திரும்பிய நீரும் இருந்தால் போதும். தரைச் சுற்றின் நீரிறைப்பி தன் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, வால்வின் சிறு அசைவு மட்டுமே வெப்பநிலையை மாற்றுகிறது. ஓட்டத்தையும் வெப்பநிலையையும் இவ்வாறு தனித்தனியே ஆளும் வசதியே நீர்வழி அமைப்பின் பெரும் பலம்.

ஆனால் வால்வு உடனே திரும்பினாலும் தரை உடனே மாறுவதில்லை. கனத்த கான்கிரீட் தன்னுள் ஏராளமான வெப்பத்தைச் சேமித்துவைத்திருப்பதால், நீரின் வெப்பநிலையில் செய்யும் மாற்றம் மேற்பரப்பில் முழுமையாக வெளிப்படச் சில மணி நேரம் பிடிக்கும். அறை சூடேறிய பின் குளிர்நீரைத் திறந்து, குளிர்ந்த பின் மூடும் எளிய தெர்மோஸ்டாட் முறை இங்கே ஊசலாட்டத்தையே உண்டாக்கும். ஆகவே தேர்ந்த வடிவமைப்பாளர்கள் நீரின் வெப்பநிலையை வெளிச்சூழலுக்கு ஏற்ப முன்கூட்டியே மெல்ல நகர்த்துவதோடு, தரைக்கே இயல்பாக உள்ள தன்னொழுங்கையும் துணைக்கொள்கின்றனர். அறைக்கும் தரைக்கும் இடையே வேறுபாடு 4 டிகிரி மட்டுமே இருக்கும்போது, அறை ஒரு டிகிரி சூடானாலே வேறுபாடு 5 டிகிரியாகி, எந்த வால்வும் அசையாமலேயே தரை உறிஞ்சும் வெப்பம் கால் பங்கு கூடிவிடுகிறது; வேறுபாடு சிறிதாக இருக்கும் அளவுக்கு இந்தத் தன்னொழுங்கு வலுப்பெறுகிறது.

பனிநிலையின் ஆட்சி

சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 28 டிகிரியை நெருங்குகிறது. ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் உண்மையில் இருக்கும் பங்கு, சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் உள்ளது. இத்தகைய காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால், 24 டிகிரியை ஒட்டி அது நீராவியைத் தாங்க இயலாமல் நீர்த்துளிகளாக விடத் தொடங்கும். அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். தேக்கா உணவங்காடியில் மேசைமீது வைக்கப்பட்ட ஐஸ் பானக் குவளையின் வெளிப்புறம் சில நொடிகளில் வியர்ப்பது போலவே, அந்தக் காற்றுப் படும் எந்தப் பரப்பும் 24 டிகிரிக்குக் கீழே போனால் நனைந்துவிடும். தரை நனைந்தால் வழுக்கும்; மரம் உப்பும்; பூஞ்சை படரும். ஆகவே நீர் எவ்வளவு குளிர்ந்திருக்கலாம் என்ற கேள்விக்குக் காற்றின் ஈரமே விடை சொல்கிறது. கட்டுப்பாட்டுக் கருவி அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளந்து, பனிநிலையைக் கணக்கிட்டு, அதற்கு ஓரிரு டிகிரி மேலாகவே நீரின் வெப்பநிலையை நிறுத்துகிறது. குழாயின்மீது ஈரம் தென்பட்டால் உணரி வால்வை மூடிவிடுகிறது.

24 டிகிரிக்கு மேற்பட்ட தரையால் பெரும்பயன் கிடைக்காது என்பதால், தரையைக் குளிர்விக்கும் முன் காற்றை உலர்த்தியாக வேண்டும். உலர்த்துவதற்கு ஆகும் ஆற்றல் எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்கு உணர்த்தும். வெளிக்காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் ஏறத்தாழ 22 கிராம் நீராவி உள்ளது. 24 டிகிரி வெப்பநிலையும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள இதமான காற்றில் 13 கிராம் மட்டுமே இருக்கும். எஞ்சிய 9 கிராமை நீராக மாற்ற, அதன் உள்ளுறை வெப்பமாகிய ஏறத்தாழ 22 கிலோஜூலை அகற்ற வேண்டும். அதே காற்றை 28 டிகிரியிலிருந்து 24 டிகிரிக்குக் குளிர்விக்க 5 கிலோஜூல் போதும். சிங்கப்பூரின் புதிய காற்றைப் பதப்படுத்துவதில் வெப்பநிலையைக் குறைக்கும் வேலையைவிட ஈரத்தை அகற்றும் வேலை நான்கு மடங்குக்கும் மேற்பட்டது.

வழக்கமான ஏர்கான் இந்த இரண்டு வேலைகளையும் ஒரே குளிர்ச்சுருளால் செய்கிறது. ஈரம் வடிய வேண்டும் என்பதற்காகச் சுருளில் 6 அல்லது 7 டிகிரி நீர் ஓட வேண்டியிருப்பதால், ஈரத்துக்குத் தொடர்பில்லாத வெப்பத்தையும் அதே கடுங்குளிர் நீரால்தான் அகற்ற நேர்கிறது. 1824ஆம் ஆண்டு சாடி கார்னோ நிறுவிய கோட்பாட்டின்படி, வெப்பத்தை 35 டிகிரிச் சூழலுக்கு வெளியேற்றும் ஓர் இலட்சியக் குளிர்பொறி, 6 டிகிரியில் குளிர்ச்சி தரும்போது ஒரு பங்கு வேலைக்கு 9.6 பங்கு வெப்பத்தை அகற்றும். 16 டிகிரியில் தரும்போது 15 பங்குக்கு மேல் அகற்றும். நடைமுறைப் பொறிகள் இந்த உச்சத்தை எட்டுவதில்லை என்றாலும், குளிர்நீரின் வெப்பநிலையை உயர்த்தும் ஒவ்வொரு டிகிரியும் மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. ஈரத்தை ஒரு கருவியும் வெப்பத்தை வேறொரு கருவியும் தனித்தனியே கவனிக்கும்போது மட்டுமே இந்தச் சேமிப்பு கைகூடும்.

கண்ணாடி மாடத்தின் பாடம்

இந்தப் பிரிவினையைப் பேரளவில் செய்து காட்டியது கரையோரப் பூந்தோட்டங்களின் ஃபிளவர் டோம். 1.2 ஹெக்டேர் பரப்பும் 38 மீட்டர் உயரமும் கொண்ட இந்தத் தூணில்லாக் கண்ணாடி மாடத்தில், மத்தியதரைக்கடல் நாடுகளின் ஆலிவ் மரங்களும் ஆப்பிரிக்காவின் பாவோபாப் மரங்களும் வளர, 23 முதல் 25 டிகிரி வரையிலான உலர்ந்த சூழல் காக்கப்படுகிறது. தாவரங்களுக்கு ஒளி வேண்டும். ஒளியோடு வெப்பமும் வரும். எனவே ஒளியின் பெரும்பகுதியை உள்ளே விட்டு, வெப்பத்தின் பெரும்பகுதியைத் தடுக்கும் இரட்டைக் கண்ணாடி பொருத்தப்பட்டு, வெயில் மிகும்போது தாமே விரியும் நிழற்பாய்களும் அமைக்கப்பட்டன.

அதையும் மீறி உள்ளே வரும் வெப்பத்தைக் கையாள, மாடம் முழுவதையும் குளிர்விக்கும் எண்ணம் கைவிடப்பட்டு, மனிதரும் செடிகளும் இருக்கும் கீழ்ப்பகுதி மட்டுமே குளிர்விக்கப்படுகிறது. தரையின் கான்கிரீட்டில் பதிந்த குழாய்களில் குளிர்நீர் ஓட, குளிர்ந்த காற்று கீழேயே தங்கி, சூடான காற்று உயரே எழுந்து உச்சித் திறப்புகள் வழியே வெளியேறுகிறது. குளிர்ந்த தரைமீது காற்று அசையாமல் படியும் இயல்பு, சிறிய அறையில் குறைபாடாகத் தோன்றினாலும், 38 மீட்டர் உயர மாடத்தில் அதுவே பெரும் நன்மையாகிவிடுகிறது.

தரை நனையாமல் இருப்பதற்குக் காற்றின் ஈரம் வேறொரு வழியில் அகற்றப்படுகிறது. ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ள உப்புக் கரைசல் ஒன்றின் ஊடாகக் காற்றைச் செலுத்தும்போது, நீராவியைக் கரைசல் ஏற்றுக்கொள்கிறது. நீர்த்துப்போன கரைசலைச் சூடாக்கினால் நீர் ஆவியாகி, கரைசல் மீண்டும் பயனுக்கு வருகிறது. இதற்கு வேண்டிய வெப்பம், தோட்டங்களிலும் நகரப் பூங்காக்களிலும் கழித்துப் போடப்படும் கிளைகளையும் மரக்கழிவுகளையும் எரித்து மின்சாரம் எடுக்கும் கொதிகலனிலிருந்து மீதமாகக் கிடைக்கிறது. 24 டிகிரிக் காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காடாகக் குறைக்கப்பட்டால் அதன் பனிநிலை 16 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். அப்போது 20 டிகிரித் தரை அச்சமின்றி உலர்ந்திருக்கும். இத்தகைய உத்திகள் அனைத்தும் சேர்ந்து, வழக்கமான குளிரூட்டலோடு ஒப்பிடும்போது மின்பயன்பாட்டில் குறைந்தது 30 விழுக்காடு மிச்சம் தருவதாகத் தோட்ட நிர்வாகம் மதிப்பிட்டுள்ளது.

இதே கொள்கை அலுவலகக் கட்டடங்களிலும் சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளது. ஹைதராபாத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் கட்டிய ஒரு கட்டடத்தை ஒத்த இரு பாதிகளாகப் பிரித்து, ஒரு பாதியில் திறன்மிக்க காற்றுவழிக் குளிரூட்டலையும், மறுபாதியில் கான்கிரீட் தளத்துக்குள் குழாய் பதித்த கதிர்வீச்சுக் குளிரூட்டலையும் அமைத்து ஒப்பிட்டபோது, இரண்டு ஆண்டு அளவீட்டில் கதிர்வீச்சுப் பாதியின் குளிரூட்டல் மின்செலவு 34 விழுக்காடு குறைவாக இருந்தது. சிங்கப்பூரின் டோவர் பகுதியிலுள்ள பன்னாட்டுப் பள்ளி வளாகத்தில், சுவிட்சர்லாந்தின் ஈடிஎச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பெரிய காற்றுக் குழல்களை நீக்கி நீர்க்குழாய்களைக் கையாண்டு, இரண்டு மாடிகளுக்கு ஆகும் உயரத்தில் மூன்று மாடிகளை அடக்கும் கருத்தைச் செயல்படுத்திப் பார்த்தனர்.

அதே பள்ளி வளாகத்தில் நிறுவப்பட்டு, 2020ஆம் ஆண்டு அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் முடிவுகள் வெளியிடப்பட்ட மற்றொரு சோதனை, பனிநிலையின் ஆட்சியையே மீற முயன்றது. திறந்த வெளியில் எழுப்பப்பட்ட அந்தச் சிறு மண்டபத்தின் குளிர்பலகைகளுக்கு முன்னால், அகச்சிவப்புக் கதிர்களை ஊடுருவ விடும் மெல்லிய பாலிஎத்திலீன் படலம் கட்டப்பட்டது. படலம் ஈரக்காற்றைப் பலகையை அண்டவிடாமல் தடுக்க, உடலின் வெப்பக் கதிர்கள் மட்டும் அதைக் கடந்து பலகையைச் சேர்ந்தன. சராசரிப் பனிநிலை 23.7 டிகிரியாக இருக்க, குழாயில் 17 டிகிரி நீர் ஓடியும் வெளிப்பட்ட பரப்புகளில் ஈரம் படியவில்லை. ஏறத்தாழ 30 டிகிரிக் காற்றில், மின்விசிறியோ சுற்றியுள்ள காற்றை உலர்த்தும் கருவியோ இன்றி, அதில் நின்று பார்த்த 37 பேர் தந்த கருத்துகளில் 79 விழுக்காடு நிறைவையே தெரிவித்தன.

சிராங்கூன் சாலைக்கு இதன் பொருள்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா, 1989ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட பகுதியாக அரசிதழில் அறிவிக்கப்பட்ட வட்டாரங்களுள் ஒன்று. சிராங்கூன் சாலையையும் பஃபலோ சாலையையும் ஒட்டிய கடைவீடுகளின் தடித்த செங்கல் சுவர்களும், வெயிலை மறைக்கும் ஐந்தடி நடைபாதைகளும், நடுவில் வானத்துக்குத் திறந்த காற்றுமுற்றங்களும் பரப்புகளைச் சூடேறவிடாமல் காக்கும் கலையை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அறிந்திருந்தன. பூக்கடையும் காய்கறிக் கடையும் தெருவை நோக்கித் திறந்தே இருக்கும் இந்த வட்டாரத்தில், குளிர்நீர்த் தரையை அப்படியே பதித்தால் அது நாள் முழுவதும் நனைந்தே கிடக்கும். மேலும் குழாயும் வெப்பக்காப்பும் மேற்பூச்சும் சேர்ந்து தரையின் உயரத்தைக் கூட்டும் என்பதாலும், மேல்தளங்கள் மரத்தாலானவை என்பதாலும், பழைய கடைவீட்டுக்குக் கான்கிரீட் தரைமுறை பொருந்துவது கடினம். வெறுங்காலோடு நடக்கும் வீரமாகாளியம்மன் கோயில் போன்ற இடங்களுக்கு இன்னொரு வரம்பும் உண்டு: கல்தரை பாதத்திலிருந்து வெப்பத்தை விரைவாக இழுத்துக்கொள்வதால், காலணி அணிந்தவர் உணராத குளிர்ச்சியையும் வெறும்பாதம் உணர்ந்துவிடும்.

எனவே எல்லா இடத்துக்கும் ஒரே தீர்வு பொருந்தாது. திறந்த நடைபாதைக்கும் அங்காடிக்கும் படலம் போர்த்திய குளிர்பலகை பொருந்தலாம். மூடிய உணவகத்துக்கு ஈரம் நீக்கும் தனிக்கருவியும், கூரையில் தொங்கும் மெல்லிய நீர்ப்பலகையும் பொருந்தலாம். புதிதாக எழும் உயர்ந்த கூடங்களுக்குக் குழாய் பதித்த தரை பொருந்தும். மரினா விரிகுடாவில் 2006 முதல் இயங்கும் நிலத்தடி வட்டாரக் குளிர்நீர் வலையமைப்பும், தெங்கா நகரின் அடுக்குமாடி வீடுகளுக்கு வழங்கப்படும் மையக் குளிரூட்டலும், குளிர்ச்சியை நீராக அனுப்பும் பழக்கம் அந்த நாட்டில் ஏற்கெனவே வேரூன்றிவிட்டதைக் காட்டுகின்றன. அந்த நீர் வீட்டுக்குள் நுழைந்த பின் மீண்டும் கடுங்குளிர்க் காற்றாக மாற்றப்படுகிறதா, அல்லது மிதமான குளிர்ச்சியோடு தளத்துக்குள் ஓடவிடப்படுகிறதா என்பதே இனி எடுக்கப்பட வேண்டிய முடிவு.

அந்த முடிவுக்குக் காலவரையறை உண்டு. நீரின் வெப்பநிலையை நிமிடத்துக்கு நிமிடம் மாற்றலாம். பனிநிலையை நாளெல்லாம் அளக்கலாம். வால்வையும் நீரிறைப்பியையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். ஆனால் குழாய்களின் இடைவெளியும் சுற்றின் நீளமும் வெப்பக்காப்பின் தடிப்பும் கான்கிரீட் ஊற்றப்படும் நாளோடு உறைந்துபோகின்றன. அந்தத் தளம் அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு எந்த முறையில் குளிர வேண்டும் என்பது அந்த ஒரே நாளில் தீர்மானமாகிவிடுகிறது. வெப்பம் கூடிவரும் நூற்றாண்டில், சிங்கப்பூரிலும் சென்னையிலும் கொழும்பிலும் நாள்தோறும் ஊற்றப்படும் தளங்களை எண்ணிப் பார்த்தால், கட்டடக் கலைஞரும் குளிரூட்டல் பொறியாளரும் வரைபட நிலையிலேயே ஒன்றாக அமர்ந்து, ஈரத்துக்கு ஒரு வழியும் வெப்பத்துக்கு ஒரு வழியும் வகுத்துக்கொள்வது எவ்வளவு அவசரமான பொதுப்பணி என்பது விளங்கும்.